வாந்தி எடுத்த நேரம்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயபாய் டாக்டர் வீட்டு வராந்தாவில் நின்று நாலு மாத்திரைகளை விழுங்கிய வேலுத்தாய், ஏழேகாலுக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே வயிற்றுக்குள் ஏதோ புரண்டு மேலே வருவதை உணர்ந்தாள்.

இடுப்பில் பதிமூன்று மாதக் கைக்குழந்தை. குழந்தைக்குச் சளி என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தாள். சளி இருந்தது உண்மை. ஆனால் அதற்காக அவள் போகவில்லை.

ஏழு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் புருஷன் பொன்னுராஜ் வடக்கே பிவண்டியிலிருந்து வந்து இறங்கினான். அங்கே விசைத்தறிகளைப் பழுது பார்க்கும் பிட்டர். தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தந்தி போனதும் லீவு போட்டுவிட்டு வந்தவன். அன்று ராத்திரி வேலுத்தாய் சொல்லத்தான் செய்தாள். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினாள். அவன், "ஒரு நாள்ல என்னத்த ஆயிரப் போவுது" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டான்.

என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்தச் சின்னவள் பிறந்தபோது, பெரியவள் கோமதி பிறந்தபோது வயிற்றில் போட்ட பழைய ஆபரேஷன் தையல் உள்ளுக்குள்ளேயே விட்டுப்போனது. எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. கண் விழித்தபோது ஜெயபாய் டாக்டர் தலைமாட்டில் நின்று சொன்னது மட்டும் நினைவிருந்தது. "குறைஞ்சது ரெண்டு வருஷத்துக்கு வயித்துல ஒண்ணு தங்கக் கூடாது. தங்குனா ஒன் உசிருக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

அப்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். இரண்டும் பெண் என்று சொல்லி மாமியார் ஆவுடையம்மாள் சம்மதிக்கவில்லை.

இன்று காலையில் டாக்டர் ஒரு அட்டையைக் கத்தரித்து எட்டு மாத்திரை கொடுத்தார்.

"இப்போ நாலு. பன்னிரண்டு மணி நேரம் கழிச்சு நாலு. குமட்டும். சில பேருக்கு வாந்தியே வரும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா அந்த மாத்திரை பிரயோசனமில்ல. உடனே திரும்ப நாலு போட்டுக்கோ. அடுத்த நாலுக்கு என்கிட்ட ஆள் அனுப்பு. வீட்டுல இருந்தது இம்புட்டுத்தான், கிளினிக் சாவி கம்பவுண்டர்கிட்ட இருக்கு. எத்தனை மணிக்கு எடுத்தேன்னு மட்டும் கடிகாரத்தைப் பாத்துக்கோ, என்ன?"

மீதி நாலு மாத்திரை காகிதத்தில் மடித்து அவள் ரவிக்கைக்குள் இருந்தது.

வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டிருந்தது. ஒன்பது மணிக்குச் சுந்தரபாண்டியத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எப்போதும் முன்னறையில் கூலிக்குச் சுருட்ட வாங்கிப் போட்டு மலையாகக் குவிந்திருக்கும் பேண்டேஜ் துணியை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளி, புதுப் பாய் விரித்திருந்தார்கள். கல்யாணப் பெண்ணான நாத்தனார் முத்துப்பேச்சி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"என்ன மதினி, மொகமெல்லாம் வெளிறிக் கெடக்கு?"

"பஸ்ல ஒரே கூட்டம்."

அடுப்படியில் ஆவுடையம்மாள் ரவையை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா? இதைக் கொஞ்சம் கிண்டு. நான் முந்திரிப்பருப்பை எடுத்துட்டு வாரேன்" என்று கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

நெய் வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும். கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். துவைகல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. காலையில் டாக்டர் வீட்டில் தின்ற இரண்டு இட்லியும் அப்படியே வந்தது.

நிமிர்ந்ததும் முதல் வேலையாக அடுப்படிச் சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். எட்டாக இன்னும் பத்து நிமிஷம்.

ஆறரைக்குப் போட்டது. ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. போச்சு.

கடிகாரத்துக்குக் கீழே, நிலைப்படியில் ஆவுடையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் முந்திரிப்பருப்புப் பொட்டலம்.

மருமகள் வாந்தி எடுத்தால் எந்த மாமியாருக்கும் முகம் மலரும். ஆவுடையம்மாளின் முகம் மலரவில்லை. அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. வெள்ளி, சனி, ஞாயிறு என்று அவள் எண்ணுவது வேலுத்தாய்க்குப் புரிந்தது.

"நீ கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே?"

"பன்னெண்டு நாளாச்சு அத்தை."

"நான் பாக்கலையே."

"நீங்க மம்சாபுரத்துல சித்தி வீட்டுல இருந்திய. நாத்து நடவுன்னு போயிருந்தியல்ல."

"ம்" என்றாள் ஆவுடையம்மாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படிக்குள் போய்க் கரண்டியை எடுத்துக்கொண்டாள். கேட்காமல் விட்டதுதான் வேலுத்தாய்க்கு அதிகப் பயமாக இருந்தது.

குளிக்கிற மறைப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, காகிதத்தைப் பிரித்து மீதி நாலையும் போட்டு, கையோடு கொண்டுபோன நீராகாரத்தோடு விழுங்கினாள். மணி எட்டு. இனிப் பத்து மணி வரை இது வெளியே வரக் கூடாது. சரியாக அந்த நேரத்தில்தான் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள்.

ஒன்பது மணிக்கு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை தங்கச்சாமி, அவன் அம்மா சுந்தரம்மாள், உறவுக்காரர்கள் ஐந்தாறு பேர். தங்கச்சாமிக்குத் தபால் ஆபீசில் வேலை. அதிகம் பேசாத ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. அம்மாவுக்கு நேர்மாறான சுபாவம். படியேறும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு மதினி. ஏலே தங்கச்சாமி, அங்க என்ன பராக்குப் பாக்குறே, வந்து உக்காரு."

வேலுத்தாய் தாம்பாளத்தில் கேசரித் தட்டுகளை அடுக்கி எடுத்து வந்தாள். வாய்க்குள் ஒரு எலுமிச்சைத் தோலை அதக்கி வைத்திருந்தாள். மூச்சை மூக்கால் இழுக்காமல் வாயால் இழுத்தாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. மூன்றாவது தட்டைச் சுந்தரம்மாளிடம் நீட்டும்போது அவள் கொண்டையில் வைத்திருந்த தாழம்பூ வாசனை குப்பென்று அடித்தது.

தாம்பாளம் ஒரு பக்கம் சாய்ந்தது. முத்துப்பேச்சி சட்டென்று வாங்கிக்கொண்டாள். வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தாள். நெஞ்சு வரை வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளே அனுப்பினாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள். வராதே, வராதே என்று வயிற்றைப் பார்த்துக் கெஞ்சினாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

உள்ளே சுந்தரம்மாளின் குரல் கணீரென்று கேட்டது.

"மருமவளுக்கு விசேஷமா மதினி? சொல்லவே இல்லையே! பொண்ணு பாக்க வந்த எடத்துல இப்படி ஒரு சேதி கேக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

சுந்தரம்மாளே அடுத்ததையும் கேட்டாள்.

"ஆமா, தம்பி எப்போ ஊருலருந்து வந்தீய?"

"வெள்ளிக்கிழமை" என்றான் பொன்னுராஜ்.

முன்னறையில் டம்ளர் ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வேலுத்தாய் தலையைத் தூக்கினாள். குமட்டல்கூட அந்த நிமிஷம் மறந்துபோனது.

"இப்போ வந்தது வெள்ளிக்கிழமை" என்றாள் ஆவுடையம்மாள். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "சித்திரையில ஒருக்கா வந்து நாலு நாள் இருந்துட்டுத்தானே போனான். கோமதிக்கு அம்மை போட்டிருந்துச்சு, அதுக்கு வந்தான்."

"அதான பாத்தேன்!" சுந்தரம்மாள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப ரெண்டு மாசம். மசக்கை இப்பத்தான் சாஸ்தியா இருக்கும். எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு மதினி. உங்க மருமவ கையாலயே தட்டு மாத்திக்கிடுவோம். மாசமா இருக்கிறவ கை பட்டா குடும்பம் தழைக்கும்."

சித்திரையில் பொன்னுராஜ் வரவில்லை. கோமதிக்கு அம்மையும் போடவில்லை.

வேலுத்தாய் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டு, மணி பத்து அடித்தது. மாத்திரை வயிற்றுக்குள் தங்கிவிட்டது. அதற்காகச் சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வேன் கிளம்பிப் போனது. இங்கேயே பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்தான் ஊர் திரும்பப் போகிறார்களாம். தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்த ஆவுடையம்மாள், முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிள்ளைகள் இருவரையும் முத்துப்பேச்சியோடு பின்கட்டுக்கு அனுப்பினாள்.

"வந்தவிய முன்னால என் மகனுக்குப் பொய்யா ஒரு பயணம் கட்டிவிட்டேன். நல்லா இருக்கிற புள்ளைக்கு அம்மையைப் போட்டேன். பேச்சி கல்யாணத்துக்காக. இப்ப சொல்லு. யாரு?"

ஒரே ஒரு சொல். வேலுத்தாய்க்கு அது தலையில் அடித்ததுபோல் இருந்தது.

அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் பேசுவான் என்று எதிர்பார்த்தாள். 'என்னம்மா கேக்கே' என்று ஒரு அதட்டல் போதும். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது.

ஏழு வருஷமாகக் கூட வாழ்கிறவன். இவனுக்கும் அந்தச் சந்தேகமா?

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ரவிக்கைக்குள் கையை விட்டுக் கசங்கிய காகிதத்தை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு துண்டு காலி அட்டைகள் கீழே விழுந்தன.

"இதான் அத்தை."

"என்னது இது?"

"புள்ளை தங்காம இருக்கிறதுக்கு மாத்திரை. ஜெயபாய் டாக்டர்கிட்ட வாங்கிப் போட்டேன். அதுதான் கொமட்டுது. அதுக்குத்தான் வாந்தி."

"அடிப் பாவி! வயித்துல இருக்கிறதைக் கலைக்கவா போனே?"

"வயித்துல ஒண்ணும் இல்லை. கலைக்கிற மாத்திரை இல்ல இது. தங்குறதுக்கு முன்னாலயே தடுக்கிறது. மூணு நாளைக்குள்ள போட்டாத்தான் கேக்கும்."

"மூணு நாளைக்குள்ளயா?" என்று ஆரம்பித்த ஆவுடையம்மாள் பாதியில் நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை. அவள் மெதுவாக மகன் பக்கம் திரும்பினாள்.

பொன்னுராஜின் முகத்தில் முதலில் ரத்தம் ஓடி வந்தது. பிறகு அதே வேகத்தில் கோபமும் வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருக்கே? நான் என்ன வேத்தாளா?"

"சொல்லலையா? வெள்ளிக்கிழமை ராத்திரி நான் சொல்லலையா?" வேலுத்தாயின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "தையல் விட்டுப்போச்சு, உசிருக்கு ஆவத்துன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீய? அத்தைகிட்டயே சொல்லுங்க. நான் சொன்னேனா, இல்லையா?"

பின்கட்டில் கோமதி எதற்கோ சிணுங்கினாள். முத்துப்பேச்சி அவளை அடக்குவது கேட்டது. பொன்னுராஜ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"சொன்னா" என்றான் கடைசியில்.

"என்னடா சொன்னா?"

"வேண்டாம்னு சொன்னா. நான்தான் கேக்கலை."

ஆவுடையம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். யாரிடம் என்றில்லாமல் பேசினாள். "நானும் ஆறு பெத்தேன். எனக்கு எவ மாத்திரை குடுத்தா?"

"ஆறுல எத்தனை இருக்கு அத்தை?"

கேட்டபிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று வேலுத்தாய்க்குத் தோன்றியது. ஆறில் மிஞ்சிய இரண்டு பேரும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். மற்ற நாலு பேரின் பெயரை அவள் அந்த வீட்டுக்கு வந்த ஏழு வருஷத்தில் யாரும் உரக்கச் சொன்னதில்லை.

வேலுத்தாய் புருஷனிடம் திரும்பினாள். "காலையில போட்ட நாலும் வாந்தியில போயிருச்சு. சாயங்காலத்துக்கு வச்சிருந்ததை எடுத்துப் போட்டுக்கிட்டேன். இன்னும் நாலு வேணும். ராத்திரி எட்டு மணிக்குப் போடணும். இல்லைன்னா இம்புட்டுப் பாடும் வீண். கடையில போயி வாங்கலாம்னா அதோட பேரு எனக்குத் தெரியாது."

"ஒருத்தரும் எங்கயும் போக வேண்டாம்" என்றாள் ஆவுடையம்மாள். "போட்டது போதும்."

பொன்னுராஜ் தாழ்ப்பாளைத் திறந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டான். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை.

மத்தியானம் ஆயிற்று. அவன் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாள். மணி மூன்று. நாலு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. போய்விட்டு வர எவ்வளவு நேரம் வேண்டும்? அவன் அங்கே போகவே இல்லையோ? பழைய கூட்டாளிகளோடு எங்காவது உட்கார்ந்துவிட்டானோ?

கட்டிலுக்கு அடியிலிருந்து பேண்டேஜ் துணியை இழுத்துப் போட்டுச் சுருட்ட உட்கார்ந்தாள். கை பழக்கத்தில் சுருட்டியது. ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் காது வாசலுக்குப் போய்விட்டு வந்தது.

முத்துப்பேச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு துணியை எடுத்துத் தானும் சுருட்டினாள்.

"அண்ணன் டாக்டர்கிட்டத்தான் போயிருக்கு மதினி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கீழ கெடந்த அட்டைத் துண்டைக் காணோம். நான் கூட்டும்போது தேடிப் பாத்தேன். எடுத்துட்டுப் போயிருக்கு."

வேலுத்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தே?"

"சுவரு என்ன கோட்டைச் சுவரா?" என்றாள் முத்துப்பேச்சி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நான்தான கூட இருந்தேன் மதினி. நீங்க கண்ணு முழிக்காம கெடந்த அந்த ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அண்ணனுக்கும் தெரியாது, கோமதியோட வீட்டுல இருந்த அம்மாவுக்கும் தெரியாது" என்றாள்.

ஆறே முக்காலுக்குப் பொன்னுராஜ் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலெல்லாம் செம்மண் புழுதி. நேராக வேலுத்தாயிடம் வந்து ஒரு காகித உறையை நீட்டினான்.

"டாக்டரம்மா வீட்டுல இல்ல. மம்சாபுரத்துல ஒரு பிரசவம், கஷ்டமான கேஸுன்னு கூட்டிட்டுப் போயிட்டாக. நானும் அங்க போனேன். வெளியில மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன்."

வேலுத்தாய் சுருட்டிக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"உள்ள அந்தப் பொம்பள கத்திக்கிட்டே இருந்தா. அவ புருஷன் எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். ஒரு கட்டத்துல சத்தம் நின்னுபோச்சு. அவன் என் கையை வந்து புடிச்சிக்கிட்டான். யாரு எவருன்னு தெரியாது, புடிச்சிக்கிட்டான்." பொன்னுராஜ் அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டான். "பொறவு பொழச்சிக்கிட்டா. ஒனக்கு ஆனப்ப நான் மூணாம் நாளுதான வந்து சேர்ந்தேன்."

உறையைப் பிரித்துக் காட்டினான். "இந்தச் சின்னது வாந்திக்கு. ஏழு மணிக்குப் போடணும். எட்டு மணிக்கு இந்த நாலு. வெறும் வயித்துல போடாத. கம்பவுண்டரை வரவழைச்சுக் கிளினிக்கைத் தெறந்து, எடுத்துட்டா மறுபடி போடுறதுக்கு இன்னொரு நாலும் சேத்துக் குடுத்திருக்காக."

"யாருன்னு அத்தை கேட்டப்ப நீங்க வாயைத் தொறக்கலை" என்றாள் வேலுத்தாய்.

"தப்புத்தான்."

"தப்புன்னா சரியாயிருமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் உறையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்தக் கணக்கை இன்று தீர்த்துக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை. தீர்த்துக்கொள்ளாமல் விடப்போவதும் இல்லை.

ஏழு மணிக்குச் சின்ன மாத்திரையைப் போட்டாள். ரசம் விட்டுக் கொஞ்சம் சோறு பிசைந்து தின்றாள். ஆவுடையம்மாள் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"வேலு. நான் சொல்றதைக் கோவப்படாமக் கேளு." குரல் இறங்கியிருந்தது. "நான் கேட்ட கேள்வி தப்பு. அதுக்கு எம் மேல கோவப்படு. ஆனா மாசமா இருக்கேன்னு அவிய முன்னால சொல்லியாச்சு. ஒன் கையாலதான் தட்டு மாத்தணும்ங்காக. நாளைக்கு ஒண்ணும் இல்லைன்னா என்னன்னு சொல்ல? கரைஞ்சுபோச்சுன்னு சொன்னா அபசகுனம்பாக. இல்லவே இல்லைன்னு சொன்னா பொய்க்காரின்னு போயிருவாக. பேச்சிக்கு இதுவரை வந்த எடம் மூணும் தட்டிப்போச்சு."

"அதுக்கு நான் என்ன செய்யணும் அத்தை?"

ஆவுடையம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இந்த நாலைப் போடாத. சாமி விட்ட வழின்னு விட்டுரு. தங்குனா தங்கட்டும். சொன்னது மெய்யாயிரும். தங்காட்டி வேற பேசிக்கிடுவோம்."

வேலுத்தாய் தட்டை ஓரமாக வைத்தாள். கோபம் வரவில்லை. ஒரு பொய்யை மெய்யாக்க ஒரு உயிரைக் கேட்கிறாள் என்று இவளுக்கே தெரியவில்லையா என்றுதான் தோன்றியது. இல்லை, தெரிந்துதான் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறாளோ?

"அம்மா, போதும்" என்றான் பொன்னுராஜ் முன்னறையிலிருந்து.

"நீ பேசாத. பேச வேண்டிய நேரத்துல பேசலை."

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

தங்கச்சாமி நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. நாணிக் கோணிக்கொண்டு படியிலேயே நின்றான்.

"அம்மா குடுத்துவிட்டா. நாங்க இப்பத்தான் கெளம்புறோம். உறவுக்காரர் தோப்புல பறிச்சது. மாசமா இருக்கிறவுகளுக்கு வாய்க்கு நல்லா இருக்கும்னு..."

பைக்குள் பச்சை மாங்காய். புளிப்பு வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது.

ஆவுடையம்மாள் அவசரமாக எழுந்தாள். அதற்குள் முத்துப்பேச்சி முன்கதவுக்குப் போய்விட்டாள். பையை வாங்கிக்கொள்ள அவள் கை நீளவில்லை.

"இதை நான் வாங்க முடியாது" என்றாள்.

தங்கச்சாமி திகைத்துப்போய், "ஏன்?" என்றான்.

"எங்க மதினி மாசமா இல்லை. ஒரு மாத்திரை ஒத்துக்காம வாந்தி எடுத்தாக. எங்கம்மா காலையில சொன்னது பொய். உங்கம்மாகிட்டப் போயிச் சொல்லிருங்க. பொறவு என்னை வேண்டாம்னு சொன்னாலும் சரிதான்."

"ஏட்டி பேச்சி!" ஆவுடையம்மாளின் குரல் பாதியில் உடைந்தது.

தங்கச்சாமி பையைத் தொங்கவிட்டபடி நின்றான். அவன் கேட்ட கேள்வி மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அந்த வீட்டில் எல்லோர் காதிலும் விழுந்தது.

"அப்போ, உங்க அண்ணன் சித்திரையில வந்ததும் பொய்யா?"

முத்துப்பேச்சி கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்று சொன்னால், அடுத்த கேள்வி மதினியின் தலையில் அல்லவா வந்து விழும்?

அடுப்படியில் வேலுத்தாய் நாலு மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டினாள். மாமியார் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. அந்தப் பார்வையைத் தாண்டி, எட்டு மணி அடிப்பதற்குள் அவற்றை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

முன்னறையில் பாயை விட்டு எழுந்திருக்கும் ஓசை கேட்டது. பொன்னுராஜ் வாசலுக்குப் போய், தங்கச்சியை மெல்ல விலக்கிவிட்டு நிலைப்படியில் நின்றான்.

"பொய்தான் தம்பி" என்றான். "என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். போயி உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவியளும் கேக்கட்டும்."